குன்னூரில் வீட்டுப் பயண சர்வே: அம்மாவின் நடையை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

லைன்வீட்டுப் பொண்ணு
ஞாயிறு, இரவு 9.15

வணக்கம். நகரமைப்பு முதுகலை இரண்டாம் ஆண்டு, போக்குவரத்துப் பிரிவு. படிப்பது சென்னையில். வீடு குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே ஒரு தேயிலை எஸ்டேட்டின் லைனில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். தாத்தா 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்து மலையேறியவர். அம்மா இன்றும் கொழுந்து எடுக்கிறார். ஆய்வுக்குக் குன்னூர்தான் வேண்டும் என்று நானே பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன். குன்னூர் நகரத்திலும் சுற்றியுள்ள எஸ்டேட்களிலும் ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களிலும் ஒரு வீட்டிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை பயணம் கிளம்புகிறது, எங்கே போகிறது, எதில் போகிறது என்று மதிப்பிட வேண்டும்.

படிவம் ஒரு சமவெளி நகரத்தில் முன்பு நடந்த சர்வேயிலிருந்து கிடைத்தது. வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன வேலை, வண்டி உண்டா, மாத வருமானம் எவ்வளவு, பிறகு ஒவ்வொருவரும் நேற்றுச் செய்த பயணங்கள். வெளியே இறங்கும் முன் சொந்த வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம் என்று போன வாரம் அம்மாவை உட்காரவைத்தேன்.

"நேத்து எங்கெல்லாம் போனீங்கம்மா?"

"நான் எங்க போனேன்? வேலைக்குப் போனேன், வந்தேன்."

தோண்டிக் கேட்டதும் ஒவ்வொன்றாக வந்தது. காலை ஏழரைக்குப் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆட்கள் கூடி நிற்பது. அன்றைக்கு எந்தக் காட்டில் (தேயிலைப் பகுதியில்) கொழுந்து எடுப்பது என்று மேஸ்திரி அங்கேதான் சொல்வார். நேற்றுச் சொன்ன காடு லைனிலிருந்து இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்மேட்டில் ஏறினால் வருவது. நாற்பது நிமிடம். மதியமும் மாலையும் கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நிறுக்கிற இடம். அப்புறம் வீடு. வந்த கையோடு ரேஷன் கடை. பருப்பு இன்னும் வரவில்லை என்று திரும்பியது. இருட்டுகிற நேரத்தில் தம்பியை டியூஷனிலிருந்து கூட்டிவந்தது.

படிவத்தின் பின்பக்கக் குறிப்பில் 500 மீட்டருக்குக் குறைந்த நடையை எழுத வேண்டாம் என்று இருக்கிறது. வேலை நேரத்துக்குள் நடப்பது பயணமாகாது என்றும் இருக்கிறது. ரேஷன் கடையும் டியூஷனும் அளவில் 500க்குள்தான், ஆனால் செங்குத்து. கடைசியில் அம்மாவின் நாள் முழுவதும் இரண்டே வரியில் அடங்கியது: வீட்டிலிருந்து வேலைக்கு, வேலையிலிருந்து வீட்டுக்கு. வேலையிடம் எந்த மண்டலம் (ஆய்வுக்காகப் பிரித்த பகுதி) என்ற கட்டத்தையும் நிரப்ப முடியவில்லை, காடு தினமும் மாறுகிறதே. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு கவலை, வீடுகளின் எண்ணிக்கை. எனக்குத் தந்த அட்டவணைப்படி 50,000க்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு கேட்க வேண்டும். குன்னூர் நகராட்சியில் 2011 கணக்குப்படி 45,494 பேர். வீட்டுக்கு நாலு பேர் என்றால் 11,000 வீட்டுக்கு மேல். அதில் ஐந்தில் ஒன்று 2,200ஐத் தாண்டும். நானும் இரண்டு தோழிகளும், மொத்தம் ஆறு வாரம். இதே அளவுள்ள சமவெளி ஊர் ஒன்றின் பயண வீதத்தை எடுத்து வீட்டு எண்ணிக்கையால் பெருக்கிவிடு, கல்லூரிக்கு அது போதும் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். மனசு ஒப்பவில்லை. இதில் இறங்கி வேலை செய்தவர்கள் வழி சொல்லுங்கள். மே மாதம் சீசனில் சர்வே எடுக்கலாமா என்பதையும் சொன்னால் நல்லது.

எண்ணிக்கைத் தாள்
ஞாயிறு, இரவு 11.40

தங்கச்சி, வீட்டு சர்வேயில் 15 வருடமாக இருக்கிறேன், எல்லாமே சமவெளி நகரங்கள். முதலில் வீட்டு எண்ணிக்கைப் பயத்தைப் போக்கிவிடுகிறேன்.

உங்கள் கையில் இருப்பது 1956இல் அமெரிக்கப் பொதுச் சாலைகள் பணியகம் வெளியிட்ட அட்டவணை. 50,000க்குக் கீழே ஐந்தில் ஒன்று, குறைந்தபட்சம் பத்தில் ஒன்று. பத்து லட்சத்துக்கு மேல் இருபத்தைந்தில் ஒன்று. அன்றைக்கு டெட்ராய்ட், சிகாகோ போன்ற நகரங்களில் சர்வே எடுத்தவர்களுக்கு எந்த மண்டலத்திலிருந்து எந்த மண்டலத்துக்கு எத்தனை பயணம் என்ற முழு அட்டவணையும் வீட்டுப் பேட்டியிலிருந்தே நேரடியாக வேண்டியிருந்தது. நூறு மண்டலம் என்றால் பத்தாயிரம் கட்டம். அத்தனையையும் நிரப்ப அவ்வளவு வீடு தேவைப்பட்டது.

உங்களுக்கு வேண்டியது ஒரு வகையான வீடு சராசரியாக எத்தனை பயணம் செய்கிறது என்ற வீதம். அதற்கு ஊரில் எத்தனை சதவீத வீடு என்பது முக்கியமில்லை, மொத்தம் எத்தனை வீடு என்பதுதான் முக்கியம். பயண எண்ணிக்கை வீட்டுக்கு வீடு எவ்வளவு மாறுகிறது என்பதை மாறுபாட்டுக் கெழு சொல்லும். பொதுவாக அதை 1 என்று வைத்துக்கொள்வார்கள். 95 சதவீத நம்பிக்கைக்கு 1.96. பத்து சதவீதப் பிழை தாங்கும் என்றால் 1.96ஐ 0.10ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள்: 384 வீடு. நம்பிக்கையை 90 சதவீதமாக இறக்கி, பிழையை ஐந்து சதவீதமாகச் சுருக்கினால் 1.645ஐ 0.05ஆல் வகுத்த வர்க்கம்: 1,082. மூன்று பேர், ஆறு வாரம், 384 முடிகிற காரியம்.

ஆனால் 384 வீட்டையும் போட்டு ஒரே சராசரி எடுத்தால் உழைப்பு வீண். வீடுகளை வகை பிரியுங்கள். 1967இல் இங்கிலாந்தில் வூட்டனும் பிக்கும் இந்த முறையை நிறுவினார்கள்: வருமானத்தில் ஆறு, கார் வைத்திருப்பதில் மூன்று, குடும்ப அமைப்பில் ஆறு, ஆக 108 வகை. நமக்கு அவ்வளவு வேண்டாம். வண்டி இல்லாத வீடு, டூவீலர் வீடு, கார் அல்லது ஜீப் வீடு. ஒவ்வொன்றிலும் சம்பாதிப்பவர் ஒருவர் வரை, இரண்டும் அதற்கு மேலும். ஆறு கட்டம்.

விளக்கத்துக்காக நானே போட்டுக்கொள்ளும் எண்கள்: ஒரு மண்டலத்தில் 400 வீடு. வண்டி இல்லாதது 250, வீதம் 5. டூவீலர் 130, வீதம் 8. கார் 20, வீதம் 9. மொத்தம் 1,250 + 1,040 + 180 = 2,470 பயணம். ஐந்து வருடத்தில் 50 வீடு புதிதாக டூவீலர் வாங்கினால் 1,000 + 1,440 + 180 = 2,620. எதிர்காலக் கணிப்பை இப்படித்தான் எடுப்போம்: வகைக்கு உரிய வீதம் அப்படியே நிற்கும், எந்த வகையில் எத்தனை வீடு என்பது மாறும். டூவீலர், கார் உள்ள வீடுகளின் எண்ணிக்கை சென்சஸில் வார்டு வாரியாகக் கிடைக்கும். குன்னூருக்கு 30 வார்டு.

வேறு ஊர் வீதத்தைக் கடன் வாங்காதீர்கள். சமவெளிப் படிவத்தில் சைக்கிளுக்கு ஒரு பத்தி இருக்கும், நிரம்பியும் இருக்கும். குன்னூர் மவுண்ட் ரோட்டில் பொருள் வாங்க சைக்கிளில் வருபவரை நீங்கள் எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்?

எல்லையை நகராட்சியோடு நிறுத்தாதீர்கள். வெலிங்டன் கன்டோன்மென்ட் தனி நிர்வாகம், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையும் நகராட்சிக்கு வெளியே. ஆனால் குன்னூர் வீடுகளின் காலைப் பயணத்தை இழுப்பதில் இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

இந்தக் கணிப்பு நான்கு கட்டமாகப் போகும்: எத்தனை பயணம், எங்கே, எதில், எந்தப் பாதையில். மேடு பள்ளத்தை முதல் கட்டத்தில் கொண்டுவந்து குழப்பிக்கொள்ள வேண்டாம். எத்தனை பயணம் என்பது வீட்டின் குணம். மேடு, இரண்டாம் கட்டத்தில் எங்கே போகிறார்கள் என்று பங்கிடும்போது பயண நேரமாக உள்ளே வந்துவிடும்.

பழைய டைம்கீப்பர்
திங்கள், காலை 6.20

கண்ணு, நான் படிச்சவனில்லீங்க. மேட்டுப்பாளையத்துக்காரன். மலை ரூட்டுல கண்டக்டரா ஏறி, கடசியில டைம் எழுதற வேலையில ரிட்டையர் ஆனவன். உங்கம்மா சொன்ன "நான் எங்க போனேன்"ங்கற பேச்சை ஆயிரம் வாட்டி கேட்டிருக்கறேன். அதனாலதான் இத எழுதறேன்.

எந்த நாளைக் கேக்கப்போறே? சர்வேக்காரங்க செவ்வாய், புதன், வியாழன்தான் கேப்பாங்க, அதுதான் சாதாரண நாளும்பாங்க. கீழ டவுனுக்கு அது சரி. எஸ்டேட்டுக்கு ஞாயித்துக்கெழமதான் ஊருக்குப் போற நாளு. வாரம் பூரா லைனுக்குள்ளயே இருந்தவங்க அன்னிக்கு மார்க்கெட், சர்ச்சு, கோயிலு, சொந்தக்காரங்க வீடுன்னு கெளம்புவாங்க. சம்பளம் போட்ட மறு ஞாயிறு பஸ்ஸுல கால் வெக்க எடமிருக்காது. செவ்வாய்க்கெழம மட்டும் கேட்டீன்னா இந்த ஜனமெல்லாம் வீட்டை விட்டு நகராத ஜனம்னு உன் தாள் சொல்லும்.

அடுத்தது இதுதான் முக்கியம். போனதை மட்டும் கேக்காதே. போவணும்னு நெனச்சுப் போவாம விட்டதையும் கேளு. ஒரு ஹட்டிக்கு ராத்திரி ஏழரைக்கு ஒரு சிங்கிள், அதான் ஒரு தடவை பஸ் ஓடறது, இருந்துச்சு. வசூல் இல்லீன்னு நிறுத்துனாங்க. வசூல் இல்லைங்கறது நெசந்தான், நானே பதினோரு டிக்கெட்டு கிழிச்சுட்டுப் போயிருக்கறேன். நிறுத்துன ரெண்டாம் மாசத்துல மத்தியானம் மூணு மணி சிங்கிளும் காலியாயிருச்சு. ஏன்னு மேல யாருக்கும் புரியல. மூணு மணிக்குக் கீழ எறங்குறவங்க ஏழரை பஸ்ஸை நம்பித்தானே எறங்குனாங்க? திரும்ப வழியில்லீன்னா யாரு போவாங்க? அப்புறம் மூணு மணிக்கும் ஆளில்லைன்னு எழுதுனாங்க. அந்தக் காயிதத்துல நானுந்தான் கையெழுத்துப் போட்டேன். இன்னமும் மனசுல கெடக்குது.

அதனால ஒவ்வொருத்தருகிட்டயும் ஒரு கேள்வி சேத்துக்க: "இந்த வாரம் எங்க போவணும்னு நெனச்சு முடியாமப் போச்சு, எதனால?" பதிலை மொத்தக் கணக்குல சேக்காட்டியும் தனியா எழுதி வெய்யி.

இன்னொன்னு. 2021ல கீழ ஆரம்பிச்ச விடியல் பயணத்தை 2024 பட்ஜெட்டுல மலைக்கும் கொண்டாந்தாங்கல்ல, அந்த பஸ்ஸுல பொம்பளைங்களுக்குக் காசு இல்லீன்னாலும் டிக்கெட்டு உண்டு. மெஷின்ல ஏறுன ஸ்டேஜு, எறங்குற ஸ்டேஜு பதிவாகும். எழுதிக் கேட்டுப் பாரு. எந்த வீட்டுல இருந்து வந்தாங்கன்னு தெரியாது, ஆனா எந்த நேரத்துல எந்த ஸ்டேஜுல எத்தன பேருன்னு தெரியும். உன் வீட்டுக் கணக்கை அதோட ஒப்பிட்டுக்கலாம்.

பெட்போர்டு படிக்கட்டு
திங்கள், மதியம் 2.05

நான் திட்டமிடல் படித்தவள் இல்லை, இல்லத்தரசி. தேடிக்கொண்டிருந்தபோது குன்னூர் பெயரைப் பார்த்து உள்ளே வந்தேன்.

மேடு பள்ளம் பிறகு வந்துவிடும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டுக்கு ரோட்டிலிருந்து 140 படி இறங்க வேண்டும். எந்த வண்டியும் வாசலுக்கு வராது. கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்குகூலி தனி. வீட்டில் டூவீலர் இருக்கிறது, ரோட்டில் ஒரு கடை ஓரமாக நிற்கிறது. அதே சம்பளம், அதே டூவீலர், ஆனால் ரோட்டோரமாகவே வீடு உள்ள என் தங்கை ஒரு நாளைக்கு நாலு தடவை வெளியே போய்விட்டு வருவாள். நான் ஒரு தடவை. காலையில் பிள்ளையை விடப் போகும்போதே காய், மருந்து, பேங்க் எல்லாவற்றையும் ஒரே சுற்றில் முடித்துவிட்டு இறங்குவேன். ஒன்றை மறந்துவிட்டால் அது நாளைக்குத்தான். மாமியாருக்கு முழங்கால் வலி. படி ஏறி ரோட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. எத்தனை பயணம் என்பது வீட்டின் குணம் என்றால், என் வீட்டின் குணத்தில் இந்தப் படியும் சேர்ந்துதானே இருக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்க்கெட்டுக்கு நான் நடந்துதான் போவேன், அது இறக்கம். வரும்போது இரண்டு பையோடு ஆட்டோ. எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இப்படித்தான். முன்பு ஒரு தடவை கணக்கெடுக்க வந்தவர்கள் "மார்க்கெட்டுக்கு எதில் போவீங்க?" என்று ஒரே கேள்விதான் கேட்டார்கள். நடந்துதான் என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். ஆட்டோவுக்குக் கொடுத்த காசெல்லாம் அவர்கள் கணக்கில் வரவே இல்லை.

பாப்பா, எங்கள் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா. படியில் பாசி பிடித்திருக்கும், மழையில் செருப்பு வழுக்கும்.

எண்ணிக்கைத் தாள்
திங்கள், இரவு 10.30

அக்கா, நீங்கள் சொன்னது சரி, நான் எழுதியது தவறு. வேலைக்கும் பள்ளிக்கும் போகும் பயணம் மேடு இருந்தாலும் நடந்தே தீரும். கடை, கோயில், ஆஸ்பத்திரி, உறவுக்காரர் வீடு ஆகியவைதான் படியைப் பார்த்துக் குறையும், அல்லது ஒரே சுற்றில் கோக்கப்படும். ஆகவே அது முதல் கட்டத்திலேயே வர வேண்டும்.

தங்கச்சி, வகைப்பாட்டில் மூன்றாவதாக ஒன்றைச் சேருங்கள்: வண்டி வாசலுக்கு வருமா, வராதா. ஆறு கட்டம் பன்னிரண்டாகும். ஒரு கட்டத்துக்கு 30 வீடாவது இருந்தால்தான் சராசரியை நம்பலாம், ஆக 360. முன்னால் சொன்ன 384க்குள் அடங்கிவிடுகிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குலுக்கிப் போட்டு வீடு எடுத்தால் கார் இருந்தும் வாசலுக்கு ரோடு இல்லாத வீடுகள் ஏழோ எட்டோதான் சிக்கும். முதலில் வார்டு வார்டாக நடந்து ஒவ்வொரு வகையிலும் எத்தனை வீடு என்று பட்டியல் எடுத்துவிட்டு, பிறகு வகைக்குள் குலுக்குங்கள். ஊர் மொத்தத்துக்கு விரிக்கும்போது அந்த வகையின் உண்மையான எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். இதை மறந்தால் கார் வீடுகள் கணக்கில் உப்பிவிடும்.

போகும்போது நடை, வரும்போது ஆட்டோ என்பது என்னை இன்று முழுக்க யோசிக்க வைத்தது. நாங்கள் பயன்படுத்தும் வழக்கமான மாதிரியில் வீட்டை உற்பத்தியிடம் என்றும் மார்க்கெட்டைக் கவரும் இடம் என்றும் வைத்து, போனது போலவே திரும்புவார்கள் என்று எடுத்துக்கொள்வோம். சமவெளியில் அது பெரும்பாலும் பொருந்துகிறது. இங்கே பொருந்தாது. ஆகவே போவதையும் வருவதையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். எதில் என்பதோடு கையில் சுமை உண்டா என்றும் ஒரு கட்டம் இருக்கட்டும். எதில் போவார்கள் என்று கணிக்கும் லாஜிட் கணக்கையும் இரண்டு திசைக்கும் தனித்தனியாகப் போட வேண்டிவரும்.

நடை நேரத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு, டோப்ளர் 1993இல் கொடுத்தது. சரிவு 20 சதவீதம் என்றால் ஏறும்போது மணிக்கு 2.5 கிலோமீட்டர், இறங்கும்போது 3.5 சொச்சம். 800 மீட்டருக்கு ஏற 19 நிமிடம், இறங்க 13 அல்லது 14. அதைவிடப் பழையது 1892இல் நெய்ஸ்மித் சொன்ன விதி: மணிக்கு 5 கிலோமீட்டர், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். அதன்படி அதே மேட்டில் ஏற 25 நிமிடத்துக்கு மேல். இரண்டுமே தலையில் கொழுந்து மூட்டை வைத்திருப்பவருக்காக எழுதப்பட்டவை அல்ல. ஒரு நாள் அம்மாவோடு கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நடங்கள். அந்த நேரம்தான் உங்கள் ஆய்வுக்கு உரியது.

படிவத்தையும் மாற்றுங்கள். "எங்கே போனீங்க" என்ற கேள்வியே வேண்டாம். தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேயில் அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை அரை மணி அரை மணியாக என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். அந்த வரிசையில் கேட்டால் நடை தானாக வெளியே வரும். 500 மீட்டர் விதியை அடித்துவிடுங்கள்.

2011 சென்சஸில் பி-28 என்று ஓர் அட்டவணை இருக்கிறது: வேலைக்குப் போகும் தூரமும் எதில் என்பதும். விவசாயத்திலும் வீட்டுத் தொழிலிலும் இருப்பவர்களை விட்டுவிட்டுப் பிற தொழிலாளரை மட்டும் கணக்கெடுத்தது. சென்சஸ் விளக்கத்தில் தோட்டத் தொழிலாளர் பிற தொழிலாளர் வகையில்தான் வருகிறார்கள். அதாவது நீலகிரியில் கொழுந்து எடுப்பவர்களின் வேலை நடை அந்த அட்டவணைக்குள் இருக்கிறது. நடந்து போகிறவர்களின் பங்கை ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

மே மாதம் வேண்டாம். சீசனில் ஊட்டி ரோடு நெரிகிறபோது குன்னூர்க்காரர்கள் வெளியே போவதையே குறைத்துக்கொள்வார்கள். அடக்கிய பயணத்தைச் சாதாரணப் பயணம் என்று எழுதிவிடுவீர்கள். சுற்றுலா வண்டிகள் வீட்டு சர்வேக்குள் வராது, அவற்றை எல்லையில் எண்ண வேண்டும். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் இருப்பதால் ஓரளவு எண்ணிக்கை நிர்வாகத்திடமே இருக்கும். 2025 சீசனுக்கு நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். இரண்டு கணக்கையும் கடைசியில் ரோட்டின் மேல் ஏற்றும்போது மட்டும் கூட்டுங்கள்.

லைன்வீட்டுப் பொண்ணு
மூன்று வாரத்துக்குப் பிறகு, சனி, இரவு 8.50

அண்ணா, ஐயா, அக்கா, மூவருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமானது, நடந்துகொண்டே இருந்தோம்.

படிவத்தை முழுக்க மாற்றி, முதலில் அம்மாவிடமே கேட்டேன். அதிகாலை 4 மணியிலிருந்து. இரண்டு வரியாக இருந்த நாள் பதினொன்றாக வந்தது. விடியும் முன் குழாயடிக்கு இரண்டு முறை போனது எனக்கே தெரியாது, நான் அப்போது தூங்கிக்கொண்டிருப்பேன். ஐயா சொன்ன கேள்வியையும் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, லாலி ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போக வேண்டும், போனால் அரை நாள் சம்பளம் போகும், அதனால் தள்ளிக்கொண்டே வருகிறேன் என்றார். எத்தனை நாளாக என்றேன். தீபாவளிக்கு முன்னாலிருந்து என்றார். சர்வே முடிந்த மறுநாள் நானே கூட்டிப்போனேன். ஆனால் நான் வராத வீடுகளில் அந்தப் பயணம் இன்னமும் போகாத பயணமாகவே இருக்கிறது.

காட்டுக்குப் போகும் நடையையும் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். வெறுங்கையோடு இறங்கி ஏற நாற்பது நிமிடம், அம்மா சொன்ன அதே நேரம். அங்கிருந்து மூட்டையோடு நிறுக்கிற இடத்துக்கு ஏறும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினோம். மூட்டை அம்மா தலையில், எனக்கு வெறுங்கை.

அக்கா வீட்டுக்கும் போனேன். 140 என்றார்கள், எண்ணிப் பார்த்தேன், 143. ரோட்டு மட்டத்திலிருந்து வாசலுக்கு எத்தனை படி என்பதை இப்போது எல்லாப் படிவத்திலும் எழுதுகிறோம். வீட்டில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் மனப்பாடமாகத் தெரிகிறது.

இப்போது ஒரு சிக்கல். எஸ்டேட் முழுவதையும் ஒரே மண்டலமாக வைத்திருக்கிறேன். அம்மாவின் பதினொரு பயணமும் அந்த மண்டலத்துக்கு உள்ளேயே தொடங்கி உள்ளேயே முடிகின்றன. முதல் கட்டத்தில் எண்ணிக்கையாக வருகின்றன. ஆனால் மண்டலத்துக்குள் நடக்கும் பயணத்தைக் கடைசிக் கட்டத்தில் எந்தப் பாதையிலும் ஏற்றுவதில்லை. கணக்கில் ஏறியும் வரைபடத்தில் காணவில்லை. என்ன செய்வது, அண்ணா?

எண்ணிக்கைத் தாள்
சனி, இரவு 11.10

வார்டு எல்லையையும் எஸ்டேட் எல்லையையும் மறந்துவிடுங்கள். ஓடையும் மேட்டு முகடும்தான் உங்கள் மண்டல எல்லை. அம்மா ஓடையைத் தாண்டி எதிர்மேட்டில் ஏறுகிறார் என்றீர்களே, லைன் பக்கம் ஒரு மண்டலம், எதிர்மேடு இன்னொன்று, நிறுக்கும் இடமும் ரேஷன் கடையும் இருக்கும் முகடு மூன்றாவது. தினமும் மாறும் காட்டுக்கு ஒரு வாரம் முழுக்க எந்தக் காடு என்று மேஸ்திரியிடம் கேட்டு எழுதி, நாட்களைப் பொறுத்துப் பங்கிடுங்கள். வலைப்பின்னலில் ரோடுகளோடு ஒற்றையடிப் பாதைகளையும் கோடாகப் போடுங்கள், ஏறும் நேரம் ஒன்று, இறங்கும் நேரம் ஒன்று. அப்போது ஓடையைத் தாண்டும் இடத்தில் காலை எட்டு மணிக்குள் எத்தனை பேர் என்று ஓர் எண் வரும். அங்கே ஒரு நடைபாலம் கேட்பதென்றால் அந்த எண்ணைத்தான் எடுத்துப்போய்க் காட்ட வேண்டும்.

பழைய டைம்கீப்பர்
ஞாயிறு, காலை 5.45

கண்ணு, அந்த ஓடை மழைக்காலத்துல முழங்காலுக்கு மேல போவும். ஐப்பசி மாசத்துல ஒருவாட்டி எண்ணிப் பாரு, சுத்தி வர்றவங்க எத்தன பேருன்னு.

ஞாயித்துக்கெழமக் கணக்கு எடுக்க இன்னிக்குப் போவாதே. எல்லாரும் ஊருக்குப் போயிருப்பாங்க, பூட்டுன வீட்டைத்தான் பாப்பே. நாளைக்கு, திங்கக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்கு மேல லைனுக்குப் போ, நேத்து என்ன பண்ணுனீங்கன்னு கேளு. நானும் குன்னூர் பஸ்ஸ்டாண்டுல நாலரைக்கு நிக்கறேன், பழைய ரூட்டு பூராத்துலயும் ஸ்டேஜு பேரு எனக்குத் தெரியும். திரும்ப வர எட்டே காலுக்கு ஒரு பஸ் இருக்குது, நேத்தே கேட்டு வெச்சுட்டேன்.